மனை விற்கப் போட்ட டிராம் பாதை: ஷேக்கர் ஹைட்ஸ் தடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் தொழில் நகரம் கிளீவ்லாந்து. அதன் கிழக்குப் புறநகரான ஷேக்கர் ஹைட்ஸுக்கு 1920-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் இன்றைக்கும் அதே தடத்தில் ஓடுகிறது. அந்த நகரத்திலிருந்து நாலாபக்கமும் கிளம்பிய மற்ற டிராம் பாதைகள் எதுவும் மிஞ்சவில்லை. வெளியூர்களுக்குப் போன கிளீவ்லாந்து சவுத்வெஸ்டர்ன் 1931-இல் நின்றது, லேக் ஷோர் எலெக்ட்ரிக் 1938-இல் நின்றது. நகரத் தெருக்களில் கடைசி டிராம் 1954 ஜனவரி 24 அன்று ஓடி முடிந்தது.

ஒரே நகரம், ஒரே பொருளாதாரம், ஒரே காலகட்டம். காரும் பஸ்ஸும் எல்லாத் தடங்களையும் ஒரேபோலத்தான் நெருக்கின. அப்படியிருக்க இது ஒன்று மட்டும் எப்படிப் பிழைத்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பதே இந்த ஆய்வு. இந்தத் தடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடங்கிய இரண்டு சகோதரர்களின் துணிச்சலைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் துணிச்சல் பாதியை மட்டுமே விளக்குகிறது. மீதி, அவர்கள் திவாலான பிறகு நடந்தது.

பின்னணி

ஷேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவ சமயக் குழுவின் பெயர். மணவாழ்க்கை இல்லாமல், சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள். கிளீவ்லாந்துக்குக் கிழக்கே மேட்டுநிலத்தில் 1822-இல் ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். டோன் புரூக் என்ற ஓடையை மறித்து அணைகள் கட்டி ஆலைகளை ஓட்டினார்கள், அதில் இரண்டு ஏரிகள் உண்டாயின. பிள்ளைகள் பிறக்காத சமூகம் என்பதால் புதிதாகச் சேருபவர்கள் குறைந்ததும் அது சுருங்கி, 1889-இல் கலைந்துபோனது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலம் முதலீட்டாளர்கள் கைக்குப் போய், வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

ஆளில்லாததற்குக் காரணம் எளிது. நகரின் நடுவான பப்ளிக் ஸ்கொயருக்கு அங்கிருந்து ஆறு ஏழு மைல். நடுவே மேடேற வேண்டும். கார் இன்னும் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. கீழே நகரத்தில் எஃகு ஆலைகளின் புகையிலிருந்து தப்பிக்க வசதியுள்ளவர்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள், ஆனால் டிராம் போகாத இடத்துக்கு அவர்களும் போகவில்லை.

1905 வாக்கில் இந்த நிலத்தின் மேல் கண்வைத்தவர்கள் வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள். இருவருக்கும் அப்போது வயது முப்பதுக்குக் கீழே. நிலத் தரகு வேலையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். கையில் பெரிய பணம் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமையை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, விற்ற மனையின் பணத்தில் அடுத்த துண்டை வாங்குவது அவர்கள் வழக்கம்.

முதல் முயற்சி: நகர டிராமை நம்பியது

அவர்கள் முதலில் செய்தது எந்த மனை வியாபாரியும் செய்யக்கூடியதுதான். நகர டிராம் கம்பெனியிடம் போய், ஃபேர்மவுண்ட் சாலை வழியாக எங்கள் நிலம் வரை தடத்தை நீட்டுங்கள் என்று கேட்டார்கள். புதுத் தடத்துக்கு ஆகும் முதலீட்டின் வட்டியைச் சில ஆண்டுகள் தாங்களே கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். தடம் வந்தது, ஓரளவு மனைகளும் விற்றன.

ஆனால் அந்த ஏற்பாட்டின் எல்லை சீக்கிரமே தெரிந்துவிட்டது. நகர டிராம் ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்கும். குதிரை வண்டி, லாரி, நடப்பவர்கள் எல்லோரோடும் ஒரே சாலையைப் பங்குபோட வேண்டும். புறநகரில் வீடு வாங்குகிறவர் தினமும் அலுவலகத்துக்குப் போய்வர ஆகும் நேரத்தைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பார், அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. 1910-இல் கிளீவ்லாந்து நகரம் டிராம் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி கட்டணம் 3 சென்ட்டில் தொடங்கியது. பங்குதாரர்களுக்கு 6 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது. நகரத்துப் பயணிகளுக்கு அது நல்ல ஒப்பந்தம். ஆனால் அப்படிக் கட்டுப்பட்ட ஒரு கம்பெனி, ஆளில்லாத மேட்டுநிலத்துக்கு வேகமான தனித் தடம் போட முன்வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

முடிவு: தெருவை விட்டு விலகுவது

இந்த இடத்தில்தான் சகோதரர்கள் மற்ற மனை வியாபாரிகளிடமிருந்து பிரிகிறார்கள். தெருவையே தொடாத சொந்தப் பாதை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1909-இல் பப்ளிக் ஸ்கொயரில் நிலம் வாங்கினார்கள், பாதை போய் முடியவேண்டிய இடம் அது. ஊரில் பிளாட் போடும்போதே அகலமான சாலைகளின் நடுவில் தண்டவாளத்துக்கென்று நிலத்தை ஒதுக்கினார்கள். வீடு கட்டிய பிறகு தடத்துக்கு இடம் தேடவில்லை, தடத்துக்கு இடம் விட்டபின் வீடு கட்ட விட்டார்கள். இந்த முழு நிகழ்விலும் இதைவிட முக்கியமான தொழில்நுட்ப முடிவு வேறில்லை என்பது என் கணிப்பு.

இரு முனையும் கையில் இருக்க, நடுவில் தான் சிக்கல். மேட்டிலிருந்து நகர மையத்துக்கு இறங்க வசதியான ஒரே வழி கிங்ஸ்பரி ரன் என்ற பள்ளத்தாக்கு. அதன் வழியே ஏற்கெனவே நிக்கல் பிளேட் ரயில்பாதை ஓடியது. பஃபலோவிலிருந்து சிகாகோ வரை 500 மைலுக்கு மேல் நீளமுள்ள அந்தக் கம்பெனி நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் கையில் இருந்தது. ஏகபோகத் தடைச் சட்டங்களின் நெருக்கடியால் நியூயார்க் சென்ட்ரல் அதைத் தள்ளிவிட வேண்டிய நிலையில் இருந்தது. 1916-இல் சகோதரர்கள் 85 லட்சம் டாலருக்கு அந்த ரயில் கம்பெனியையே வாங்கினார்கள். ரொக்கமாகக் கொடுத்தது 5 லட்சத்துச் சொச்சம்தான், அதுவும் கடன் வாங்கியது. மீதியை ஆண்டுக்கணக்கில் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

சில மைல் டிராம் தடத்துக்காக ஐந்து மாநிலங்களில் ஓடும் ரயில்வேயை வாங்கியது இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு தெளிவானது. பாதையின் ஒரு துண்டு அடுத்தவர் கையில் இருக்கும்வரை மேட்டுநிலத்தின் விலையும் அடுத்தவர் கையில்தான். அந்த ஒரு துண்டுக்குத்தான் அவர்கள் விலை கொடுத்தார்கள்.

1920 முதல் 1930 வரை

முதல் உலகப்போரால் வேலை தள்ளிப்போய், 1920 ஏப்ரல் 11 அன்று டிராம் ஓடத் தொடங்கியது. ஒரு கிளை ஷேக்கர் சாலையிலும் இன்னொன்று மோர்லாண்ட் சாலையிலும் போயின. சொந்தமாக வண்டி வாங்கவில்லை. நகர டிராம் கம்பெனியிடமிருந்து, நடுவில் வாசல் வைத்த பழைய வண்டிகளை வாடகைக்கு எடுத்தார்கள். பாதைக்குப் பணத்தைக் கொட்டி வண்டியில் சிக்கனம் பிடித்தது சரியான வரிசை. வண்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பாதையை அப்படி மாற்ற முடியாது.

கடைசித் துண்டு மட்டும் முதல் பத்தாண்டு இழுபறியாகவே இருந்தது. பள்ளத்தாக்கில் வேகமாக வந்த வண்டி, கிழக்கு 34-ஆம் தெருவருகே மேலே ஏறி, சாதாரணத் தெருக்களின் வழியே ஊர்ந்து பப்ளிக் ஸ்கொயரை அடைந்தது. 1919-இல் நகர மக்கள் வாக்களித்து, புதிய மைய ரயில் நிலையம் பப்ளிக் ஸ்கொயரில் அமைய ஒப்புதல் தந்திருந்தார்கள். அதைக் கட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. நிலையத்தின் மேலே 52 மாடி டெர்மினல் டவர் எழுந்தது. 1930 ஜூலையில் ஷேக்கர் டிராம் அந்த நிலையத்துக்குள் நேரே போகத் தொடங்கியது. அதன்பின் மேட்டுநிலத்தில் ஏறுபவர் தெரு நெரிசலையே பார்க்காமல் நகர மையத்தில் இறங்கலாம் என்றானது.

விளைவை மக்கள்தொகையில் பார்க்கலாம். 1920-இல் ஷேக்கர் ஹைட்ஸில் இருந்தவர்கள் 1,616 பேர். 1930-இல் 17,783 பேர். இரு கிளைகளும் பிரியும் இடத்தில் 1920களின் இறுதியில் ஷேக்கர் ஸ்கொயர் என்ற எண்கோண வடிவக் கடைவீதி எழுந்தது. தண்டவாளம் அதன் நடுவே ஓடுகிறது. டிராமில் இறங்கி, கடையில் சாமான் வாங்கி, வீட்டுக்கு நடந்துபோகும்படியான ஏற்பாடு. மோர்லாண்ட் கிளையை ஒட்டி அடுக்குமாடி வீடுகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். தடத்தை ஒட்டி நெருக்கமான குடியிருப்பு வேண்டும் என்று இன்று திட்டமிடுபவர்கள் சொல்வதை அங்கே அன்றே செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் காசில் இந்தப் பாதையின் கடன் ஒருநாளும் அடைபட்டிருக்காது. பாதையின் பலன் மனை விலையில் தான் வந்தது. பாதையும் மனையும் ஒரே கையில் இருந்ததால் கணக்கு நேரானது. மனை விற்றுத் தீர்ந்தபின் பாதைக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியை அப்போது யாரும் எழுப்பவில்லை.

யாருக்கு அந்த ஊர்

இந்தப் பகுதியை விட்டுவிட்டு ஷேக்கர் ஹைட்ஸின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. கிரயப் பத்திரத்தில் வீட்டின் பாணி, சாலையிலிருந்து விடவேண்டிய தூரம், குறைந்தபட்சச் செலவு என்று பல நிபந்தனைகள் இருந்தன. 1925-இல் ஒரு கறுப்பின மருத்துவர் குடும்பம் அங்கே வீடு வாங்கியபோது அந்த வீடு தாக்கப்பட்டது, குடும்பம் வெளியேற வேண்டியதாயிற்று. அதையொட்டிப் பத்திரங்களில் இன்னொரு நிபந்தனை ஏறியது. கம்பெனியின் சம்மதமோ அக்கம்பக்கத்து உரிமையாளர்களின் சம்மதமோ இல்லாமல் வீட்டை மறுவிற்பனை செய்யக்கூடாது என்பது அது. இனம் என்ற வார்த்தை அதில் தேவைப்படவில்லை. கறுப்பினத்தவரையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வெளியே நிறுத்த அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

டிராம் எல்லோருக்கும் திறந்திருந்தது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் அதில் மேடேறி மாலையில் இறங்கினார்கள். இரவு தங்கும் உரிமை மட்டும் பத்திரத்தில் பூட்டப்பட்டிருந்தது. வேகமான பாதை ஒரு ஊரை நகரத்தோடு இணைக்கும் என்பது உண்மை. அந்த இணைப்பின் பலன் யாருக்குப் போகும் என்பதைத் தண்டவாளம் முடிவு செய்வதில்லை, நிலப் பத்திரம் முடிவு செய்கிறது.

1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தின் பெயரால் விதிக்கும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்போதும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஷேக்கர் ஹைட்ஸுக்கும் கிளீவ்லாந்துக்கும் எல்லையில் இருக்கும் லட்லோ பகுதியில் 1956-இல் ஒரு கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வைக்கப்பட்டது. இந்தமுறை அக்கம்பக்கத்தார் வேறு வழியில் போனார்கள். 1957-இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஒரு குடியிருப்போர் சங்கத்தை அமைத்து, பயத்தில் வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்கவும், இரு தரப்பும் கலந்து வாழவும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன் பத்திரத்தில் எழுதப்பட்ட ஒற்றை வரியைச் சரிசெய்ய எத்தனை பேர் எத்தனை மாலைகளைச் செலவிட வேண்டியிருந்தது என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரிவு

1920களின் இறுதியில் சகோதரர்களின் கையில் ஏறத்தாழ 30,000 மைல் ரயில்பாதை இருந்தது. ஒரு கம்பெனியின் பங்கை அடகுவைத்து அடுத்ததை வாங்கிய அடுக்கு அது. 1929-இல் பங்குச்சந்தை விழுந்ததும் அடமானம் வைத்த பங்குகளின் மதிப்பு கரைந்தது. 1935-இல் சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போய், சொத்துகள் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. அந்த டிசம்பரில் தம்பியும், 1936 நவம்பரில் அண்ணனும் காலமானார்கள்.

டிராம் கம்பெனி வங்கிகளின் பிடிக்குப் போனது. மனை விற்பனை படுத்துவிட்டது. வங்கிக்குத் தேவை பழைய கடன், பாதையை வளர்ப்பதில் அக்கறை கிடையாது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. காரணம் பழைய முடிவுதான். மற்ற டிராம் கம்பெனிகள் தெருவில் காரோடு மல்லுக்கட்டி நேரத்தையும் பயணிகளையும் இழந்துகொண்டிருந்தன. இந்தத் தடத்துக்கு அந்தச் சண்டையே இல்லை, 1930-இல் இருந்த வேகம் 1940-இலும் இருந்தது.

1944: ஊரே வாங்கியது

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். 1944 செப்டம்பரில் ஷேக்கர் ஹைட்ஸ் நகராட்சி அந்த டிராம் பாதையைச் சுமார் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. முப்பது ஆண்டுக்கு மேல் மேயராக இருந்தவர் ஒருவர் இதை முன்னின்று நடத்தினார். பின்னாளில் மோர்லாண்ட் சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள், இன்றைய வான் ஏக்கன் சாலை அது.

ஏன் வாங்கினார்கள்? வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராமை இழந்த தடங்களுக்குப் பஸ் வந்தது, பஸ் தெரு நெரிசலில் நின்றது. ஊரின் ஒவ்வொரு வீட்டு விலையும் அந்தத் தடத்தை நம்பி நின்றது. அப்புறம் போர்க்காலம், பெட்ரோலும் டயரும் ரேஷனில் கிடைத்தன, டிராமில் கூட்டம் அதிகம். தனி முதலாளி பாதையை லாப நஷ்டமாகப் பார்ப்பார். ஊர் அதைக் குடிநீர்க் குழாயைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

வாங்கியதோடு நிற்கவில்லை. 1940களின் இறுதியில் 25 புதிய பிசிசி வண்டிகள் வந்தன. டிராம் கம்பெனித் தலைவர்கள் சேர்ந்து அமைத்த குழு 1930களில் வடிவமைத்த, சத்தம் குறைந்த, சட்டென்று வேகமெடுக்கும் வகை அது. பிறகு மற்ற ஊர்கள் டிராமை ஒழிக்க ஒழிக்க, அவற்றின் நல்ல வண்டிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்கள் 1950களின் தொடக்கத்தில் டிராமை ஒழித்தபோது அங்கிருந்து 20 வண்டிகள் ஷேக்கர் ஹைட்ஸுக்கு வந்தன. செயின்ட் லூயிஸ் வண்டிகளும் பின்னால் வந்தன.

1955-இல் கிளீவ்லாந்து நகரம் புதிதாக ஒரு விரைவு ரயில் தடத்தைத் திறந்தது. நகர மையத்துக்கு அருகே சில மைல் தூரம் அது ஷேக்கர் டிராமின் தண்டவாளத்திலேயே ஓடுகிறது. ரயிலுக்கு உயரமான நடைமேடை, டிராமுக்குத் தாழ்வான நடைமேடை, ஒரே நிலையத்தில் இரண்டும். டிராம் மேல்நிலைக் கம்பியில் மின்சாரம் எடுத்ததால் ரயிலும் அதையே எடுக்கும்படி அமைத்தார்கள். பழைய பாதை இருந்ததால்தான் புதிய தடம் நகர மையத்துக்குள் அவ்வளவு எளிதாக நுழைய முடிந்தது.

நெடுஞ்சாலை வந்தபோது

1963-இல் அடுத்த சோதனை. ஷேக்கர் ஏரிகளின் வழியே கிளார்க் ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை மாவட்ட நிர்வாகம் திட்டமிட்டது. இதை எதிர்த்து முன்னால் நின்றவர்கள் தோட்டக்கலைச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். முப்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் ஒன்றுகூடின. 1966-இல் நெடுஞ்சாலை வரவேண்டிய இடத்திலேயே ஓர் இயற்கை மையத்தைத் தொடங்கினார்கள். 1970-இல் ஆளுநர் திட்டத்தைக் கைவிட்டார். ஏரிகளைக் காக்க நடந்த போராட்டம்தான் இது. ஆனால் நெடுஞ்சாலை வந்திருந்தால் அதே திசையில் போகிற டிராம் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

1975-க்குப் பின்

1970களில் தண்டவாளம், கம்பி, வண்டி எல்லாமே வயதாகியிருந்தன. 36,000 பேர் வாழும் ஒரு புறநகர் தனியாகப் புதுப்பிக்கக்கூடிய வேலை இல்லை அது. 1974 இறுதியில் பெரு கிளீவ்லாந்து வட்டாரப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. 1975-இல் மாவட்ட வாக்காளர்கள் அதற்கென ஒரு சதவீத விற்பனை வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஷேக்கர் தடம் ஆணையத்திடம் போனது. 1980களின் தொடக்கத்தில் தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டார்கள், இத்தாலியின் பிரெடா நிறுவனத்திடமிருந்து 48 வண்டிகள் வந்தன. கிளைகளுக்கு நீலத் தடம், பச்சைத் தடம் என்று பெயர் வந்தது. 1996-இல் தடம் ஏரிக்கரை வரை நீண்டது.

எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம்

முதலில், மனை விற்கும்போதே பாதைக்கென்று ஒரு நிதியைத் தனியே ஒதுக்கியிருக்க வேண்டும். விற்ற ஒவ்வொரு மனையிலும் ஒரு சிறு பங்கு பாதையின் பராமரிப்புக்குப் போயிருந்தால், 1935-இல் ரயில் சாம்ராஜ்யம் சரிந்தபோது டிராம் அதோடு சேர்ந்து வங்கியிடம் சிக்கியிருக்காது. பாதையின் கடனும் பங்குச்சந்தைக் கடனும் ஒரே அடுக்கில் கிடந்ததுதான் அடிப்படைக் கோளாறு.

1944-இல் புறநகர் நகராட்சி தனியாக வாங்கியது அன்றைக்குச் சரி. ஆனால் பாதையின் கணிசமான பகுதி கிளீவ்லாந்து நகர எல்லைக்குள் ஓடுகிறது. கிங்ஸ்பரி ரன் ஓரத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்த வேகமான தடத்தின் மேல் எந்த அதிகாரமும் முப்பது ஆண்டுகளாக இல்லை. இரு நகரங்களும் சேர்ந்த ஓர் ஆணையம் 1940களிலேயே வந்திருந்தால், நிறுத்தங்கள் எங்கே வேண்டும் என்ற கேள்விக்கு வேறு பதில்கள் கிடைத்திருக்கும். பத்திர நிபந்தனையைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. அது எழுதப்பட்டே இருக்கக்கூடாது.

இருவேறு உயரத்தில் அமைத்த நடைமேடைகள் 1955-இல் செலவைக் குறைத்தன. ஆனால் ஆணையம் அதன்பின் இருவகை வண்டிகள், இருவகை உதிரிபாகங்கள் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரெடா வண்டிகள் நாற்பது ஆண்டைத் தாண்டிய நிலையில், 2023-இல் ஆணையம் சீமென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. விரைவு ரயில் தடத்திலும் நீல, பச்சைத் தடங்களிலும் ஒரே வகை வண்டியை ஓட்டுவதே நோக்கம். உயரமான நடைமேடையில் நேராக ஏறவும், தாழ்வான நடைமேடையில் படிவழியே ஏறவும் அந்த வண்டியிலேயே இரண்டு வழியும் வைக்கிறார்கள்.